நீலிக்கண்ணீரும் ஜெகன்மோகினியும்

போன ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா திருத்தணி. மலையடிவாரத்தில் காவடிக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரம், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழைய சினிமா பேச்சு ஆரம்பித்தது. சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: "ஜெகன்மோகினி படத்துல பேயா நடிச்சது யாரு, ஞாபகம் இருக்கா?"

"சிலுக்குதானே?" என்றார் ஒருவர். "இல்லப்பா, ஜோதிலட்சுமி" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் நடிகையைப் பற்றிக் கவலையே படவில்லை. "அது விட்டலாச்சாரியா படம்பா" என்று முடித்துவிட்டார். பெயரில்தான் இத்தனை குழப்பம். காட்சியில் யாருக்கும் குழப்பம் இல்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், கையில் கிளாஸோடு அப்படியே ஒரு காலைத் தூக்கி பாய்லர் பக்கம் நீட்டிக் காட்டினார். பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே நீட்டி எரியவிட்டுச் சமைக்கும் மோகினி. படம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கால் ஞாபகம் இருக்கிறது, காலுக்குச் சொந்தக்காரி பெயர் இல்லை.

அவர் பெயர் ஜெயமாலினி. திரும்பி வரும்போது சப்தகிரி எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து யோசித்ததுதான் இந்தக் குறிப்பு. ஒரு நடிகையின் தொழில் வாழ்க்கையைப் பற்றிய குறிப்பு இது. ஆனால் எங்க ஊர்ப்பக்கத்துப் பேய்களைச் சேர்க்காமல் இதைச் சொல்ல முடியாது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

எல்லையில் இருக்கிற ஊர்

தெரியாதவர்களுக்காக ஊரைப் பற்றி நாலு வரி. ஆறுபடை வீடுகளில் ஐந்தாவது திருத்தணி. சென்னையிலிருந்து திருப்பதி போகிற வழியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. 1953ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. ம. பொ. சிவஞானம் முதலானவர்கள் நடத்திய எல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் முன்னின்று சொன்ன தீர்வு, 1959ல் எல்லை மாற்றச் சட்டம், எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் மறுபடி சென்னை மாநிலத்துக்குள் வந்தது.

கோடு மாறியதே தவிர வாய் மாறவில்லை. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ் என்று வாழ்கிற குடும்பங்கள் எங்க பக்கம் சகஜம். எங்க ஆயா நகரியில் பிறந்தவள், கட்டிக்கொடுத்தது திருத்தணியில். கோபம் வந்தால் தெலுங்கு, கொஞ்சினால் தமிழ். அவளுக்கு ‘ஜெகன்மோகினி’ இரண்டு படம். அண்ணன் வீட்டுக்குப் போனபோது நகரியில் தெலுங்கில் பார்த்தாள், அப்புறம் இங்கே டப்பிங்கில் தமிழில் பார்த்தாள். "தெலுங்குல இன்னும் கொஞ்சம் பயமா இருந்துச்சுடா" என்பாள்.

நான் பார்த்தது 1986 வாக்கில், ஊருக்கு வெளியே ஒரு டூரிங் கொட்டாயில். அப்போது எனக்கு எட்டு வயது. தரை டிக்கெட், மணலைக் குவித்து மேடாக்கி உட்கார வேண்டும். ஒற்றை புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மாற்ற மூன்று இடைவேளை. பேய் வரும் நேரத்தில் ஆயாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொள்வேன். அடுப்புக் காட்சி வந்தபோது எட்டிப் பார்த்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அலறல் வரும் என்று நினைத்தால், வந்தது சிரிப்பு. ஆயா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எனக்கும் இந்த மாதிரி ரெண்டு காலு இருந்தா விறகு வாங்குற காசு மிச்சம்டி."

கடைசியில் மோகினி தோற்கிறாள். கொட்டாய் கைதட்டியது. ஆயா தட்டவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, "பாவம் அவ" என்றாள். "பேய்க்கு எதுக்கு ஆயா பாவம்?" என்று கேட்டேன். "பேய் எப்படிடா ஆச்சு? எவனோ ஏமாத்தினதாலதானே" என்றாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அலமேலு மங்காவிலிருந்து ஜெயமாலினி

ஜெயமாலினியின் இயற்பெயர் அலமேலு மங்கா. எங்க ஊரிலிருந்து திருப்பதி போகிற எவருக்கும் திருச்சானூர் தாயார் பெயர் அது. எங்க தெருவிலேயே அந்தக் காலத்தில் நாலு அலமேலு இருந்தார்கள்.

பிறந்தது சினிமாக் குடும்பம். ‘ஹரிதாஸ்’ (1944), ‘சந்திரலேகா’ (1948) புகழ் டி. ஆர். ராஜகுமாரிக்கு உறவுக்காரர்கள். ராஜகுமாரியின் தம்பிதான் இயக்குநர் டி. ஆர். ராமண்ணா. அவர் எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) படத்தில்தான் ஜெயமாலினியின் அக்கா ஜோதிலட்சுமி அறிமுகமானார். அக்கா வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எழுபதுகளின் நடுவில் தங்கை வந்தார். டீக்கடையில் இரண்டு பேரையும் மாற்றிச் சொன்னதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. போஸ்டரில் பெயரைப் படிக்காமல் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அக்காவும் தங்கையும் ஒன்றுதான்.

அவர் வந்த காலம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுபதுகளில் ஒரு தெலுங்கு, தமிழ் மசாலாப் படம் விற்க வேண்டும் என்றால் சண்டை வேண்டும், காமெடி வேண்டும், அப்புறம் ஒரு ‘கிளப் டான்ஸ்’ வேண்டும். கதைக்கும் அதற்கும் சம்பந்தம் தேவையில்லை. வில்லனின் கூடாரம், கடத்தல்காரனின் பாதாள அறை, காட்டுவாசிகளின் விழா, எங்கே வேண்டுமானாலும் அந்த நாலு நிமிஷத்தைச் செருகலாம். நடிகை வருவார், ஆடுவார், போய்விடுவார். ஒரு படத்துக்கு இரண்டு மூன்று நாள் வேலை. அதனால்தான் படங்களின் எண்ணிக்கை அப்படி ஏறுகிறது. ஜெயமாலினி 500 படங்களுக்கு மேல் செய்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று ஐந்து மொழியிலும் ஆடினார்.

‘யமகோலா’ (1977) போன்ற என். டி. ராமாராவ் படங்களில் அவர் ஆடிய ஆட்டத்தை ஆந்திரப் பக்கம் இன்றும் சொல்வார்கள். 1978ல் வந்த ‘ஷாலிமார்’ என்ற இந்திப் படத்தில் தர்மேந்திரா, ஜீனத் அமன், ஹாலிவுட்டிலிருந்து வந்த ரெக்ஸ் ஹாரிசன் இவர்களுக்கு நடுவே காட்டுவாசிப் பெண்ணாக ஆடிவிட்டுப் போனவரும் இவர்தான். அந்தப் பாட்டு வட இந்தியாவில் இன்னும் ஓடுகிறது. ஆடியவர் யார் என்று அங்கே கேட்டால் நம்ம டீக்கடை கதைதான்.

அதே 1978ல்தான் ‘ஜெகன்மோகினி’யும் வந்தது.

விட்டலாச்சார்யாவின் கணக்கு

பி. விட்டலாச்சார்யா உடுப்பிப் பக்கத்துக்காரர், 1920ல் பிறந்தவர். ஆரம்பம் கன்னடத்தில். டி. சங்கர் சிங்கோடு சேர்ந்து நடத்திய மகாத்மா பிக்சர்ஸ் 1951லேயே ‘ஜகன்மோகினி’ என்று ஒரு கன்னடப் படம் எடுத்து நன்றாகச் சம்பாதித்தது. அதில் நாயகி ஹரிணி. பிறகு அவர் சென்னைக்கு வந்து தெலுங்கில் இறங்கினார். ராஜா ராணி, மந்திரவாதி, பேசும் கிளி, பறக்கும் தலை, எலும்புக்கூடு எல்லாம் கொண்ட படங்கள். ஆந்திராவில் அவரை ‘ஜானபத பிரம்மா’ என்பார்கள். நாட்டுப்புறக் கதைகளின் படைப்புக் கடவுள் என்று சொல்லலாம்.

அவருடைய சிக்கனம் பிரசித்தம். ஒரே அரண்மனை செட்டுக்கு வேறு வேறு திரை மாட்டி நாலு ராஜ்ஜியமாக்கிவிடுவார் என்பார்கள். சினிமாக்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் ஒரு கதை உண்டு. படம் பாதியில் இருக்கும்போது எந்த நடிகராவது சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால், அடுத்த காட்சியில் மந்திரவாதி சாபம் கொடுத்து அந்தப் பாத்திரம் ஆடாகவோ கிளியாகவோ மாறிவிடுமாம். ஆட்டுக்குக் கால்ஷீட் பிரச்சினை இல்லையே.

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம். கேமராவை நிறுத்தி ஆளை மாற்றி மறுபடி ஓடவிடுவது, ஒரே பிலிமில் இரண்டு முறை படம் பிடிப்பது, பாதி சட்டத்தை மறைத்து எடுப்பது. வித்தை இவ்வளவுதான். இந்த வித்தையில் நடிகருக்குத்தான் கஷ்டம் அதிகம். இல்லாத ஒன்றைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எரியாத காலை எரிவதுபோல நினைத்துக்கொண்டு அசராமல் குழம்பைக் கிண்ட வேண்டும். அடுப்புக் காட்சி நம்மைத் தொடுவதற்குக் காரணம் தீ இல்லை. அந்த முகத்தில் இருக்கிற சாதாரணத்தன்மை. தினமும் செய்கிற வேலை மாதிரி செய்கிறார். அது நடிப்பு.

இன்னொன்று. நாலு நிமிஷம் ஆடிவிட்டுப் போகிறவரை எடுத்து, படத்தின் பெயரையே அவர் பாத்திரத்துக்குக் கொடுத்தார் விட்டலாச்சார்யா. நாயகன் நரசிம்மராஜு, மனைவியாக பிரபா. ஆனால் கதையை நகர்த்துவது மோகினி. அவள்தான் தேடி வருகிறாள், திட்டம் போடுகிறாள், ஆசைப்படுகிறாள், கோபப்படுகிறாள். அந்தக் காலத்து நாயகிக்கு இதில் எதற்கும் அனுமதி இல்லை, நடனக்காரிக்குச் சுத்தமாக இல்லை. செத்துப் பேயான பிறகுதான் ஒரு பெண் பாத்திரம் தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்ல முடிந்தது. ஜெயமாலினிக்கு முழுநீளப் பாத்திரம் பேயின் வழியாக வந்ததை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

படம் தெலுங்கில் பெரிய வெற்றி. டப்பிங் செய்த தமிழிலும் அதே வெற்றி. எங்க ஊர் மாதிரி இடங்களில் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள்.

அந்த அடுப்பு எங்கேயிருந்து வந்தது?

அடுப்பில் கால் வைப்பது விட்டலாச்சார்யாவின் கற்பனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறகு லால் பிஹாரி டே 1883ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வங்காள நாட்டுப்புறக் கதைத் தொகுப்பைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் ஒரு கதை. ஒரு பிராமணனின் மனைவியைப் பேய் பிடித்து மரப்பொந்தில் அடைத்துவிட்டு, அவள் உருவத்தில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மாமியாருக்கு முதலில் சந்தோஷம். மந்தமாக இருந்த மருமகள் திடீரென்று வேலையில் சுறுசுறுப்பாகிவிட்டாளே! பிறகு ஒருநாள், கையை நீளமாக நீட்டி அடுத்த அறையிலிருந்து பாத்திரம் எடுப்பதைப் பார்க்கிறாள். இன்னொரு நாள், அடுப்பில் விறகு இல்லை, மருமகளின் கால் எரிந்துகொண்டிருக்கிறது. அப்புறம் மந்திரவாதியைக் கூப்பிடுகிறார்கள்.

வங்காளத்தில் 1883ல் அச்சேறிய அதே படிமம் 1978ல் தெலுங்குத் திரையில். நேராக எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கதைகள் பாட்டிகளின் வாய்வழியாக ஊர் ஊராக நடக்கிறவை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த மாமியாருக்குப் பேய் மருமகள் மேல் புகார் எதுவும் இல்லை, அது பேய் என்று தெரிகிற வரைக்கும். ஓயாமல் வேலை செய்கிறாள், தன்னையே எரித்துச் சமைக்கிறாள் என்பதுதான் மருமகளிடம் எல்லோரும் எதிர்பார்த்தது. ஆயாவும் மற்றப் பெண்களும் கொட்டாயில் ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு இதைப் படித்த பிறகுதான் புரிந்தது. தினம் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவர்களுக்கு அது பேய்க் காட்சியாகத் தெரியவில்லை. அவர்கள் வீட்டுச் சமையலறையாகத் தெரிந்தது.

பக்கத்து ஊர்ப் பேய்

இப்போது திருத்தணிக்குத் திரும்புவோம். எங்க ஊரிலிருந்து சுமார் 16 கி.மீ. தூரத்தில் திருவாலங்காடு. நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை. அதை ஒட்டி பழையனூர். தமிழில் பேசுகிற எல்லோருக்கும், தெரிந்தோ தெரியாமலோ, இந்தப் பழையனூர் தெரியும். ‘நீலிக்கண்ணீர் வடிக்காதே’ என்கிறோமே, அந்த நீலி பழையனூர் நீலி.

கதைக்குப் பல வடிவம் உண்டு. பொதுவான சாரம் இது. ஒரு பெண்ணை அவள் புருஷனே நகைக்காகக் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் ஒரு வணிகனாகப் பிறக்கிறான், அவள் பேயாகக் காத்திருக்கிறாள். வியாபாரத்துக்குப் பழையனூர்ப் பக்கம் வரும்போது அவன் மனைவி உருவத்தில் எதிரே வருகிறாள். கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். "இவ என் பெண்டாட்டி இல்ல, பேய்" என்று அவன் கதறுகிறான். ஊர்ப் பெரியவர்களான எழுபது வேளாளர்கள் பஞ்சாயத்துப் பேசுகிறார்கள். அவள் அழுகிறாள். குழந்தை அவனிடம் தாவுகிறது. பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். "அவளோடு இரு, உன் உயிருக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிவதற்குள் அவன் செத்துக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீக்குளிக்கிறார்கள்.

பழைய கதைதான். சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே வஞ்சகமாக உயிர்கொண்ட ஒருத்தியின் குறிப்பு வருகிறது. சமணர்கள் இதே நீலியை எடுத்து ‘நீலகேசி’ என்று ஒரு காப்பியமே செய்தார்கள். அதில் பழையனூர்ப் பேய் ஒரு சமண முனிவரைப் பயமுறுத்தப் போய், அவரிடமே அறம் கேட்டு மாறுகிறது. பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர் முதலிய மற்றச் சமயத்தாரை வாதத்தில் வெல்கிறது. பேயை வாதம் செய்கிற அறிவாளியாக்கிய காப்பியம் வேறு எங்கே இருக்கிறது!

ஆனால் மக்கள் வாயில் நின்றது எது? வேளாளர்களின் சத்தியமும் நீலியின் கண்ணீரும். எழுபது பேர் தீப்பாய்ந்ததற்கு மண்டபம் இருக்கிறது. நகைக்காகக் கொலை செய்யப்பட்ட பெண் எதற்காக அழுதாள் என்பது மறந்துபோய், பொய் அழுகைக்கு அவள் பெயரை வைத்துவிட்டோம். கொன்றவன் பெயரில் ஒரு பழமொழி இருக்கிறதா? யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரிந்து இல்லை.

‘ஜெகன்மோகினி’ இந்த நீலியின் பேத்திதான். முன்பிறவிக் கணக்கு, ஏமாற்றப்பட்ட பெண், வீட்டுக்குள் வந்து குடும்பம் நடத்துகிற பேய். எல்லாம் அப்படியே. எங்க பக்கத்துக் கூட்டத்துக்கு அது புதுக்கதை இல்லை. நீலி கதையில் பஞ்சாயத்துப் பேசுகிற இடத்தில் இங்கே பக்தையான மனைவியும் தெய்வமும் வருகிறார்கள். நீலி ஜெயித்தாள், மோகினி தோற்றாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதே திருவாலங்காட்டில் இன்னொரு பேயும் உண்டு. அவரைப் பேய் என்று சொல்ல நமக்கு வாய் கூசும், காரைக்கால் அம்மையார் என்போம். புருஷன் பயந்து விலகிப்போன பிறகு, ‘இந்த அழகு இனி யாருக்கு?’ என்று சதையை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கியவர். திருவாலங்காட்டில் ஆடுகிற இறைவனின் காலடியில் இருந்து பாடியவர். 1973ல் ஏ. பி. நாகராஜன் எடுத்த ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் அழகுள்ள புனிதவதியாக லட்சுமி, பேயுருவ அம்மையாராக கே. பி. சுந்தராம்பாள். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு நடிகைகள்!

ஒரே ஊரைச் சுற்றி இரண்டு பேய்ப் பெண்கள். அழகை விட்டவர் கோயிலுக்குள் இருக்கிறார். அழகை வைத்துக்கொண்டு கணக்குக் கேட்டவள் பழமொழியில் இருக்கிறாள். ஜெயமாலினியை நம்ம சினிமா எந்த வரிசையில் வைத்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

மற்ற மோகினிகள்

இந்த மாதிரிப் பாத்திரம் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. இத்தாலியில் மரியோ பாவா 1960ல் எடுத்த படமொன்றில், சூனியக்காரி என்று கொல்லப்பட்டு இருநூறு வருஷம் கழித்து எழுந்து வரும் பெண்ணாக நடித்த பார்பரா ஸ்டீல், உலகம் முழுக்கத் திகில் பட ரசிகர்களுக்கு ராணி ஆனார். 1963ல் பெலினி தன் ‘எட்டரை’ படத்தில் அவருக்கு வேஷம் கொடுத்தார். கேரளத்தில் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) படத்துக்காக ஷோபனாவுக்கு தேசிய விருது கிடைத்தது. அதுவும் வஞ்சிக்கப்பட்ட நடனக்காரியின் ஆவிதான்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? மலையாளப் படத்தில் அந்த ஆவி தமிழ் பேசும், தஞ்சாவூர்க்காரி. தமிழில் ‘சந்திரமுகி’ (2005) ஆனபோது அதே ஆவி தெலுங்கு பேச ஆரம்பித்துவிட்டது. பேய் எப்போதும் பக்கத்து மொழியில்தான் பேசும் போலிருக்கிறது. பெண்ணின் ஆசையும் கோபமும் நம்ம வீட்டுச் சமாசாரம் இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ள வசதி. எங்க ஊரில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. இரண்டு மொழியும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆயாவுக்கு இரண்டு மோகினி பேசியதும் புரிந்தது. அதனால்தானோ என்னவோ அவளுக்குக் கைதட்டத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு

‘ஜெகன்மோகினி’யின் வெற்றிக்குப் பிறகு ஜெயமாலினிக்கு என்ன கிடைத்தது? இன்னும் நிறைய நாலு நிமிஷங்கள். தன் பேரில் ஒரு படம் ஓடிய நடிகை மறுபடி வில்லனின் கூடாரத்துக்கே ஆடப் போனார். 1980ல் ‘வண்டிச்சக்கரம்’ வழியாக சில்க் ஸ்மிதா வந்தார். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. சில்க்கும் ஆந்திராவிலிருந்து வந்தவர்தான். 1996 செப்டம்பரில் அவர் வாழ்க்கை முடிந்த விதம் எல்லோருக்கும் தெரியும். ஜோதிலட்சுமி 2016 ஆகஸ்டில் காலமானார்.

ஜெயமாலினியின் கதை அப்படிப் போகவில்லை. தொண்ணூறுகளில் திருமணம் செய்துகொண்டு சினிமாவை விட்டு விலகினார். விலகினார் என்றால் நிஜமாகவே விலகினார். அம்மா வேஷம், அத்தை வேஷம் என்று திரும்பி வரவில்லை. பிற்பாடு எப்போதாவது ஒரு பேட்டி, அவ்வளவுதான். கவர்ச்சி நடிகை என்றாலே கடைசியில் ஒரு சோகம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தருகிறது. அந்த ஏமாற்றம் நம்மைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறது.

2009ல் என். கே. விஸ்வநாதன் இயக்கத்தில், இளையராஜா இசையில், நமீதாவை வைத்து ‘ஜகன்மோகினி’ தமிழில் மறுபடி வந்தது. இப்போது கிராபிக்ஸ் இருந்தது, செலவு இருந்தது. பழைய படம் பிடித்த இடத்தை அதனால் பிடிக்க முடியவில்லை. பாய்லர் பக்கம் கால் நீட்டிய டீக்கடைக்காரர் நடித்துக் காட்டியது 1978 படத்தைத்தான்.

இதை எழுதி முடிக்கும் முன் ஊருக்கு ஒரு போன் போட்டேன். ஆயா இல்லை, போய்ப் பல வருஷம் ஆகிறது. பெரியம்மா எடுத்தாள். விஷயத்தைச் சொல்லி, "அந்த மோகினியோட நிஜப் பேரு அலமேலு மங்கா பெரிம்மா, தெரியுமா?" என்றேன்.

"அலமேலுவா? அடப் பாவமே, நம்ம ஊட்டுப் புள்ள பேரு மாதிரி இருக்குது" என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "நல்லா இருக்குதாடா அந்தம்மா இப்போ?"

"நல்லா இருக்காங்க பெரிம்மா" என்றேன்.

"அது போதும்" என்று சொல்லி, அடுப்பில் பால் வைத்திருப்பதாகப் போனை வைத்துவிட்டாள்.